ஆசிரியை, விவசாயியின் மனைவி, தாய்: அம்மாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

கேள்வி: 2026 ஜனவரி 11

போன மாசியில் எங்கள் அம்மா தவறிவிட்டார். முதலாண்டு நினைவுக்குச் சின்னதாக ஒரு மலர் அச்சடிக்கலாம் என்று இருக்கிறோம். அச்சகத்தில் கொடுத்த மாதிரியில் ‘அன்பின் உருவம், தியாகத்தின் சிகரம், பாசமிகு தாய், சிறந்த இல்லத்தரசி’ என்று இருக்கிறது. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு விவசாயம். அண்ணன் இதுவே போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஜனவரி 11, இரவு

கண்டிப்பாக எழுதுங்கள் தம்பி. அச்சகத்து மாதிரியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த நாலு பட்டத்தையும் எந்த அம்மாவுக்கும் போடலாம், அதனால்தான் அச்சகத்தில் தயாராக வைத்திருக்கிறார்கள். அம்மா செய்த வேலைகளை எழுதுங்கள். எந்த வருடம் எந்தப் பள்ளியில் சேர்ந்தார், எப்படிப் போய் வந்தார், நாற்றங்கால் விடும் நாளை வீட்டில் யார் முடிவு செய்தது, விதைநெல் யார் பொறுப்பில் இருந்தது, கூலிக் கணக்கு யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் ‘அம்மா’ என்றுதான் பதில் வரும்.

என் அம்மாவும் இதேதான். ஆசிரியை, விவசாயியின் மனைவி, நாலு பிள்ளைகளின் தாய். அவர் இறந்தபோது எங்கள் சுவரொட்டியிலும் இல்லத்தரசி என்றுதான் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கேள்வியை வைத்து எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 12

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணை முடிந்த 1934-லேயே அந்தக் கால்வாயும் வந்தது, அதற்கு முன்னால் இந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி, ஏரித் தண்ணீர்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தலைமடையில் குறுவைக்கு உழுவார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நாளாகும், வருமா வராதா என்பதெல்லாம் அந்தந்த வருடத்து விதி. அதனால் ஒரே போகம், சம்பா. புரட்டாசியில் நடவு, தையில் அறுப்பு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் அம்மாவின் பள்ளிக்கூடக் காலண்டரும் வயல் காலண்டரும் மோதிக்கொள்ளும் இடங்கள் இவைதான். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். மற்ற ஆசிரியைகள் பிறந்த வீட்டுக்குப் போவார்கள். அம்மா முழங்கால் அளவு சேற்றில் நடவு ஆட்களோடு நிற்பார். வேலை தெரியாமல் வரப்பில் நின்று ஏவுகிறவர் இல்லை. நாற்று முடியை ஆட்களுக்கு வீசிப் போட்டுக்கொண்டே தானும் ஒரு வரிசை பிடிப்பார். தை அறுப்புக்குத்தான் விடுமுறை கிடையாது. பொங்கல் நாலு நாள் போக மீதியெல்லாம் விடியற்காலை களத்தில் நின்றுவிட்டு, குளித்து, எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வாய்க்கால் கரை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடை.

பள்ளிக்கூடம் பஞ்சாயத்து யூனியன் தொடக்கப்பள்ளி, அஞ்சு வகுப்புக்கு ரெண்டு ஆசிரியர். ஒரு ஆசிரியர் விடுப்பில் போனால் அஞ்சு வகுப்பையும் ஒருத்தரே பார்க்க வேண்டும். அம்மா 1961-ல் வேலைக்குச் சேர்ந்தார், 1999-ல் 58 வயதில் ஓய்வு. பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கும். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அறந்தாங்கி அதில் போனது, அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் மாவட்டம் மாறியிருக்கும். பள்ளியும் வயலும் அதே இடத்தில்தான் இருந்தன.

தம்பி, உங்கள் அம்மாவின் பணிப்பதிவேட்டு நகல் வீட்டில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பெண்ணுடைய வேலையைத் தேதி வாரியாக அரசாங்கமே எழுதி வைத்திருக்கும் ஒரே புத்தகம் அது.

ஜனவரி 14

இங்கே ஒருவர் ‘அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் விவசாயத்தில் கணவருக்கு உதவியாக இருந்தவர்கள்தானே, இதில் தனியாக எழுத என்ன இருக்கிறது’ என்று கேட்டிருக்கிறார். உதவி என்று சொல்ல என்னால் முடியாது ஐயா. எங்கள் வீட்டில் உழவு, மடை திறப்பது, மாடு பிடிப்பது அப்பா. விதை முழுக்க அம்மா. விதை தவறினால் அந்த வருடம் தவறியது, அதை உதவி செய்கிறவர் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

விதைநெல்லை எப்படித் தேர்ந்தெடுப்பார் என்று சொல்கிறேன். ஒரு அண்டாவில் தண்ணீர் வைத்து உப்பைக் கரைத்துக்கொண்டே வருவார். உள்ளே ஒரு கோழிமுட்டை கிடக்கும். முதலில் அடியில் கிடக்கும் முட்டை உப்பு கூடக்கூட எழும்பி வந்து, ஓரளவு தலைகாட்டி மிதக்கும். அப்போது நிறுத்திவிட்டு நெல்லைக் கொட்டுவார். பதரும் அரைகுறையும் மேலே வந்துவிடும், அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய கனத்த நெல்லை நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை அலசி, ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைக்க வைப்பார். உப்பை அலசாமல் விட்டால் முளைப்பு கெடும், அதை எங்கள் யாரிடமும் நம்பி விடமாட்டார்.

அதே முட்டையும் உப்பும் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அஞ்சாம் வகுப்பில் மிதத்தல், மூழ்குதல் பாடம். நான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகத்தில் இருந்ததைப் படிக்கச் சொல்லாமல் முட்டையைத்தான் முதலில் காட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு கை உப்புப் போட வேண்டும், யார் கைக்கு முட்டை எழும்புகிறது என்று பார்க்கத் தள்ளுமுள்ளு. அப்புறம் ‘உங்க வீட்டுல விதைநெல்ல யார் பார்க்கிறது?’ என்று கேட்டார். அத்தனை பேரும் அம்மா, அப்பத்தா, ஆயி என்றுதான் சொன்னார்கள். பாடம் எனக்கு நினைவிருப்பதை விட அந்தப் பதில்கள் நினைவிருக்கின்றன.

ஜனவரி 14, மறுபடி

ஒன்று விட்டுப் போனது. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலை கரும்பலகைக்குக் கறுப்பு ஏற்றுவது. ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூச வேண்டும். இலை எங்கள் வயல் மேட்டிலிருந்து, கரி எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து.

ஜனவரி 17

‘1978 எழுத்துச் சீர்திருத்தம் ஆசிரியர்களுக்குப் பெரிய வேலை வைக்கவில்லை’ என்று ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவசரமாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1978 அக்டோபரில் அரசாணை வந்தது. ணை, லை, ளை, னை எல்லாம் கொம்பு சுழித்த பழைய வடிவத்தை விட்டு இப்போது நாம் எழுதுகிற வடிவத்துக்கு வந்தன. றா, னா, ணாவும் அப்படியே. ஒரே வகுப்பறையில் நாலாம் வகுப்புப் பிள்ளை பழைய எழுத்தைப் படித்தவன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புதிய எழுத்து, கையில் இருக்கும் புத்தகமோ பழையது. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ரெண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இரவு அரிக்கேன் விளக்கில் எழுதியது. அந்த ஐப்பசியில் மழை அடித்துக்கொண்டிருந்தது, வயலில் தண்ணீர் வடிய வேண்டும் என்று அப்பா மண்வெட்டியோடு போக வர இருந்தார். அம்மா எழுதுவதை நிறுத்தி எழுந்து போய் அவருக்கு விளக்குப் பிடித்துவிட்டு வந்து மறுபடி எழுதினார்.

ஜனவரி 19

சரி, இல்லத்தரசி விஷயத்துக்கு வருகிறேன். இதை நிறைய எழுத வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள்தான். 1991-ல் அம்மாவுக்கும் அந்த வேலை வந்தது, எங்கள் தெருவும் அவர் வட்டாரத்திலேயே. பிப்ரவரி மாதம், அறுப்பு முடிந்தும் முடியாமலும் இருக்கும் நேரம். நான் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தேன், அதனால் சாயங்காலம் அவர் வந்து சொல்வதையெல்லாம் கேட்க முடிந்தது.

1971 கணக்கெடுப்பில் முதன்மையான வேலை எது என்றுதான் கேட்டார்கள். வீட்டு வேலை என்று பதில் சொல்லிவிட்டால் அந்தப் பெண் உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார், பாதி நாள் வயலில் நின்றிருந்தாலும் சரி. 1991 படிவத்தில் கேள்வியை மாற்றியிருந்தார்கள். கடந்த ஓராண்டில் ஏதாவது வேலை செய்தாரா, சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலி இல்லாமல் செய்த வேலையும் சேர்த்து, என்று கேள்வியிலேயே இருந்தது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னதும் அம்மா தன் நோட்டில் ரெண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

வாசலில் நின்று கேட்டால் ஆண்கள் சொல்லும் பதில், ‘அவ சும்மாதான் இருக்கா டீச்சர், எழுதிக்கங்க.’ அம்மா எழுத மாட்டார். ‘கதிர் அறுத்தது யாரு?’ ‘அவதான்.’ ‘களை எடுத்தது?’ ‘ஆளுகளோட அவளும்தான்.’ ‘மாட்டுக்குத் தீவனம் வைக்கிறது, பால் கறக்கிறது?’ அதற்கும் அவள்தான். ‘அப்ப சும்மா இருக்கிறது யாரு?’ என்று கேட்டுவிட்டு எழுதுவாராம். சில பெண்கள் அவர்களே ‘நான் வேலைக்குப் போகலை டீச்சர்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம்தான் அதிக நேரம் உட்கார்ந்தார். ஒரு வீட்டுக்கு ஆகும் நேரம் இரட்டிப்பாகி, மேற்பார்வையாளர் வந்து கேட்கும் அளவுக்குப் போனது. படிவத்தில் இருக்கும் கேள்வியைத்தான் கேட்கிறேன் என்று பதில் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது தன் பெயருக்கு நேரே ஆசிரியை என்று எழுதிவிட்டு, வேறு வேலை உண்டா என்ற இடத்தில் பயிர்த்தொழில் என்று எழுதினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘சரியாத்தான் எழுதியிருக்க’ என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அம்மா அதை எத்தனையோ தடவை என்னிடம் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவு பேரின் வேலையை எழுத்தில் ஏற்றிய பெண்ணுக்கு நாங்கள் சுவரொட்டியில் இல்லத்தரசி என்று போட்டோம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஜனவரி 20

ஒரு தகவல். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் வாசலுக்கு வரும்போது வீட்டுப் பெண்களை முன்னால் உட்கார வைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

ஜனவரி 23

தாய் என்ற பகுதியை நான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அம்மா கொஞ்சுகிறவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், மறந்து அம்மா என்றால் பதில் வராது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு என்னை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு அறுப்புக்குப் போனார். ரொம்ப வருடம் அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. நான் வேலைக்குப் போய், பிள்ளையைக் காய்ச்சலோடு விட்டுவிட்டுப் பேருந்தில் உட்கார்ந்தபோதுதான் அன்றைக்கு அவர் வயலில் என்ன மனநிலையில் குனிந்திருப்பார் என்று யோசித்தேன். அப்போதெல்லாம் அரசு ஊழியர்களுக்குப் பிரசவ விடுப்பு 90 நாள். இப்போது தமிழ்நாட்டில் ஓராண்டு, 2021-லிருந்து. 90 நாள் முடிந்ததும் என் தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார், தாழ்வாரத்துத் தூணில் தொட்டில் கட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து ஆட்டிவிட்டார்கள்.

முதல் நாள் ‘தியாகத்தின் சிகரம்’ வேண்டாம் என்று சொன்னேன். இப்போதும் வேண்டாம்தான், ஆனால் காரணம் கூடியிருக்கிறது. தியாகம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால், விட்டுக்கொடுத்தது என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். அம்மா விட்டுக்கொடுத்தது எது என்று எனக்குத் தெரியும். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தபால் வழிப் படிப்பு ஆரம்பித்தது. அம்மா சில வருடம் கழித்து பி.ஏ. வரலாறு சேர்ந்தார். முதல் வருடம் தேறினார். ரெண்டாம் வருடத் தேர்வு நேரத்தில் அப்பத்தா படுக்கையில் விழுந்தார், அடுத்த வருடம் தம்பி பிறந்தான். பாடப் புத்தகக் கட்டைப் பரணில் வைத்தார், இறக்கவே இல்லை. பட்டம் முடித்திருந்தால் பதவி உயர்வு, வேறு சம்பளம். அவருக்குப் பட்டம் வேண்டும் என்றிருந்தது, கிடைக்கவில்லை. இதை எழுதினால்தான் நியாயம்.

கடைசி வருடங்களில் ஒருநாள் அந்த அம்மை விஷயத்தை நானே கேட்டேன். ‘அன்னைக்கு ஆள் கிடைச்சதே பெரிசு, மழை வர்ற மாதிரி இருந்துச்சு’ என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, ‘மத்தியானம் ஒருதரம் ஓடி வந்து பார்த்தேன், நீ தூங்கிக்கிட்டிருந்த’ என்றார். அது எனக்குத் தெரியவே தெரியாது.

ஜனவரி 26

தன் வீட்டில் நிலத்தின் பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் அப்படியா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அம்மா சம்பளத்தில் சேர்த்து வாங்கிய மேட்டு நிலமும் அப்பா பெயரில்தான் பதிவானது. யாரும் ஏமாற்றவில்லை, அப்படித்தான் வழக்கம், பத்திரத்தில் ஆண் பெயர் வரும். அப்பா போன பிறகு பயிர்க்கடனுக்குப் போனபோது ஒரு அலுவலகத்தில் ‘விவசாயி யாரும்மா, அவரைக் கூட்டிட்டு வாங்க’ என்றார்கள். அம்மாவோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். ‘நான்தான்’ என்றார். பட்டா மாற்றி வரும் வரை அந்தப் பதில் செல்லவில்லை.

இது எங்கள் வீட்டோடு போகிற விஷயம் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்க உள்ள சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை ஏறத்தாழ 14 சதவீதம்தான். பெயரில் நிலம் இல்லாவிட்டாலும் உழுது பயிரிடும் பெண்ணை விவசாயி என்று சான்று கொடுத்து அங்கீகரிக்க வேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறாமலே காலாவதியானது. இந்த 2026-ஐ ஐ.நா. பெண் விவசாயிகளின் ஆண்டு என்று அறிவித்திருக்கிறது.

தம்பி, மலரில் ‘விவசாயியின் மனைவி’ என்று போடுவதா ‘விவசாயி’ என்று போடுவதா என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா எதைச் செய்தார் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். என் அம்மாவுக்கு நான் விவசாயி என்றே போடுவேன்.

ஜனவரி 27

சைக்கிள் கதையைச் சொல்லச் சொல்லி என் தங்கை தொலைபேசியில் சண்டை போடுகிறாள்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தில் சேர்த்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது. சாயங்காலம் பள்ளி முடிந்து வயலைப் பார்த்துவிட்டு, இரவு நடவுப் பெண்களுக்கு எழுத்து வகுப்பு. அவர்கள் இவருக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். தன்னிடம் ஆனா ஆவன்னா படித்துக்கொண்டிருந்த பெண்தான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், ‘முன்னால பாருங்க டீச்சர், சக்கரத்தைப் பாக்காதீங்க’ என்று அதட்டிக்கொண்டே. புடவையைச் செருகிக்கொண்டு ரெண்டு முறை வாய்க்காலில் விழுந்தார். தெரு முழுக்கச் சிரித்தது, அம்மாவும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை சைக்கிளில்தான் பள்ளிக்கூடம், என் அண்ணனின் பழைய பார் வைத்த சைக்கிள்.

ஜனவரி 31

கஜா புயல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது அம்மாவின் கடைசிப் பெரிய வேலை. 2018 நவம்பர் 16 விடியற்காலை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, எங்கள் பக்கம் எல்லாம் தென்னை படுத்துவிட்டது. மேட்டு நிலத்தில் அப்பா வைத்த கன்றுகள், முப்பது வருட மரங்கள். அம்மாவுக்கு 77 வயது. அழுதார், ஒரு நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய், வரிசை வாரியாக எது விழுந்தது, எது முறிந்தது, எது நிற்கிறது என்று எழுத ஆரம்பித்தார். அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்திருந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோப்புகளுக்கும் இப்படி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார்.

மரம் அறுக்க வந்தவர்கள் யார் தெரியுமா? அவரிடம் படித்தவர்கள். அறுவை எந்திரத்தோடு வந்து இறங்கினார்கள், தலை நரைத்த ஆண்கள். வேலை முடிந்து ஒருத்தர் கூடப் பணம் வாங்கவில்லை. அம்மா அவர்கள் பெயரையும் அதே பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 3

தம்பி, நீங்கள் போட்ட வரைவைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ‘மழை நாளில் வயலிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் வருவார், காலில் சேறு இருக்கும், கையில் சாக்பீஸ் இருக்கும்’ என்று உங்கள் சித்தப்பா சொன்னதை நீக்காதீர்கள், அண்ணன் சொன்னாலும் நீக்காதீர்கள். மூன்று விஷயம் மட்டும் சேருங்கள். அவர் வேலை பார்த்த பள்ளிகளின் பெயரை வருடத்தோடு போடுங்கள். பிறந்த ஊரையும் அவருடைய அம்மா பெயரையும் போடுங்கள், எல்லாரும் அப்பா பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசியாக, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் படித்த ரெண்டு மூன்று பேருக்கும், அவரோடு நடவு நட்ட பெண்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதற்காக ரெண்டு பக்கம் காலியாக வைக்கச் சொல்லி அச்சகத்தில் இப்போதே சொல்லிவிடுங்கள், மாசிக்கு நாள் அதிகம் இல்லை.